களரியும் விரிவுரை மண்டபமும்: பல்கலைக்கழகத்தில் நுண்கலைக் கல்வியின் பங்கு

பல்கலைக்கழகம் ஒன்றிலே நுண்கலைகளுக்குரிய இடம் யாது என்னும் வினா ஈழத்துத் தமிழ்க் கல்வியுலகில் அவ்வப்போது எழுப்பப்பட்டு வந்துள்ளது. ஆயினும் அது ஆழமாக ஆராயப்பட்டது குறைவு. இவ்வினாவுக்கு இருவகை விடைகள் பொதுவாகக் கூறப்படுகின்றன. பல்கலைக்கழக வாழ்வுக்குப் பொலிவூட்டுவது கலை என்பது முதலாவது விடை. பட்டமளிப்பு விழாவிலும் பிரமுகர் வருகையிலும் மங்கல இசைக்கும் வரவேற்பு நடனத்துக்கும் தரப்படும் இடமே இவ்விடையின் எல்லையாகும். இசையும் நடனமும் ஏனைய பாடங்களைப் போன்ற பாடங்களே, அவற்றைக் கற்போர் பட்டம் பெற்று ஆசிரிய நியமனம் பெறுவர் என்பது இரண்டாவது விடை. முதலாவது கலையை அலங்காரமாகவும் இரண்டாவது அதனைத் தொழிற்றகைமையாகவும் நோக்குகின்றது.

மேலோட்டமாக நோக்குமிடத்து இவ்விரு விடைகளும் ஒன்றற்கொன்று மாறானவை போலத் தோன்றும். ஆனால் இரண்டிற்கும் அடிப்படையான எடுகோள் ஒன்றேயாம். கலை என்பது வேறெங்கோ முழுமை பெற்றுவிட்ட ஒன்று. பல்கலைக்கழகம் அதனைக் காட்சிக்கு வைக்கலாம், அன்றேல் அதற்குச் சான்றிதழ் வழங்கலாம். அதற்கப்பால் அதற்கு வேலை இல்லை என்பதே அவ்வெடுகோள். இது எவ்வளவு பொருத்தமானது என்பதை வெறுங் கொள்கையளவில் வாதிப்பதிலும் பார்க்க, ஈழத்துத் தமிழ்க் கலைவரலாற்றில் நிகழ்ந்த ஓர் அநுபவத்தைக் கொண்டு சோதிப்பது பயனுடைத்து. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களில் நிகழ்ந்த கூத்து மீட்டுருவாக்கமே அவ்வநுபவம். அதன் சாதனையையும் குறைபாட்டையும் அதன்பின் வந்த நிறுவனங்களின் போக்கையும் ஒருங்குவைத்து நோக்கினால், நுண்கலைக் கல்வியிடம் எதிர்பார்க்கத்தக்கது யாது என்பது ஓரளவு தெளிவாகும்.

அதற்கு முன்னர், அவ்வநுபவத்துக்கு வழிவகுத்த இரு முயற்சிகளைச் சுருக்கமாகவேனும் குறிப்பிடுதல் அவசியம். 1942ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் அமைப்பு ஆங்கில மரபைத் தழுவியதாகவே இருந்தது. மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல் ஆகியன அங்கே கற்கத்தக்க துறைகளாயின. பாடுவதும் ஆடுவதும் வரைவதும் கலைப்பீடத்தின் கல்விக்குள் அடங்கவில்லை. எனினும் அப்பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக 1943இல் பதவியேற்ற சுவாமி விபுலாநந்தர் தம் வாழ்நாளின் பல ஆண்டுகளைச் செலவிட்டது ஓர் இசையாராய்ச்சியிலேயாம். 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய அவரது யாழ் நூல், சிலப்பதிகாரத்து இசைச் செய்திகளை உரைகளின் துணைகொண்டு விளக்குவதோடு அமையவில்லை. நரம்புகளின் அலைவெண்களைக் கணிதமுறையில் வகுத்து, வழக்கொழிந்த யாழ்களின் வடிவத்தையே மீட்டறிய அது முயன்றது. பழம்பாடலொன்றின் பொருளை அறிவதற்கு ஒரு கருவியைச் செய்து மீட்டிப் பார்க்கவேண்டும் என்னும் கொள்கை அந்நூலின் உள்ளே பொதிந்துள்ளது. அதன் முடிபுகள் சிலவற்றோடு பிற்கால இசையறிஞர் மாறுபடலாம். அதன் முறையியல் இன்றும் சிந்தனைக்குரியது.

இரண்டாவது முயற்சி பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையினுடையது. சாசனவியலிலும் மொழியியலிலும் புலமை வாய்ந்த அவர், யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே நாடகங்களை எழுதினார். 1940இல் வெளிவந்த நானாடகம் இதற்குச் சான்று. அந்நாடகங்களை மேடையேற்றியவர்கள் பல்கலைக்கழக மாணவர்களே. செந்தமிழே அரங்கிற்குரியதெனக் கருதப்பட்ட காலத்தில், மொழி பற்றிய ஒரு புலமைக் கருத்து மேடையிலே சோதனைக்குள்ளாயிற்று. இவ்விருவரும் நுண்கலைப் பட்டம் எதனையும் வழங்கவில்லை. ஆயினும் ஆராய்ச்சிக்கும் ஆக்கத்துக்கும் இடையிலிருந்த சுவரில் முதற் துளைகளை இட்டவர்கள் அவர்களே எனலாம்.

பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பணி இப்பின்னணியிலேயே மதிப்பிடப்படல் வேண்டும். அதற்கு உடனடித் தூண்டுதலாக அமைந்தது அதே பல்கலைக்கழகத்தின் சிங்கள நாடக முயற்சியாகும். எதிரிவீர சரச்சந்திர 1956இல் மேடையேற்றிய மனமே, நாடகம என்னும் நாட்டார் அரங்க வடிவத்திலிருந்து பிறந்தது. அந்நாடகம மரபு தமிழ்க் கத்தோலிக்கக் கூத்து மரபோடு உறவுடையது என்பது ஆய்வாளர் பலரும் ஒப்புக்கொண்டதொன்று. சரச்சந்திர தாமே கிராமியக் கலைகளைத் தேடிச் சென்று ஆராய்ந்தவர். மனமேயின் இசைக்கு அவருக்குத் துணைநின்றவர் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் மரபுவழிக் கலைஞர். பல்கலைக்கழகப் புலமையும் கிராமத்துக் குருவின் அறிவும் சந்தித்தபோதே சிங்கள நாடகத்தில் ஒரு திருப்பம் நேர்ந்தது.

தமிழ்ப் பக்கத்தில் அந்நிலை வேறாக இருந்தது. மட்டக்களப்பு, மன்னார், முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளில் கூத்து உயிரோடிருந்தது. ஆனால் கற்றோர் வாயில் 'கூத்தாடி' என்னும் சொல் இழிசொல்லாகவே வழங்கிற்று. வித்தியானந்தன் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காலத்தில் அண்ணாவிமாரைக் கௌரவித்தார். கூத்துப் போட்டிகளை நடத்தினார். ஏட்டிலும் கொப்பியிலும் முடங்கிக் கிடந்த நாடகங்களைப் பதிப்பித்தார். 1962இல் வெளிவந்த அலங்காரரூபன் நாடகம் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டிற் பேராதனை மாணவரைக் கொண்டு கர்ணன் போர் என்னும் வடமோடிக் கூத்தை மேடையேற்றினார். 1963இல் நொண்டி நாடகமும், அதனைத் தொடர்ந்து இராவணேசனும், 1968இல் வாலி வதையும் வந்தன.

இம்முயற்சியில் ஒரு செய்தி சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது. அக்காலப் பேராதனையில் தமிழ் மாணவர் எவரும் கூத்திலே பட்டம் பெறவில்லை. அதற்கெனப் பாடநெறியும் இருக்கவில்லை. மட்டக்களப்புக் கிராமங்களிலிருந்து இலவசக் கல்வியின் பயனாகப் பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் சிலர் கூத்தைத் தம் உடம்பிலே கொண்டு வந்தனர். பள்ளிப் பருவத்திலேயே கூத்தாடிப் பழகியிருந்த சி. மௌனகுரு அவர்களுள் ஒருவர். கிராமத்திலே கற்றதை மறந்தாலன்றிப் பல்கலைக்கழகத்தில் மதிப்பில்லை என்று எண்ணத்தக்க சூழலில், அதே அறிவு அவர்களைத் தம் விரிவுரையாளருக்கே கற்பிப்போராக ஆக்கிற்று. அவர்களுக்கு ஆட்டம் பழக்க வந்தவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பேராசிரியர், மாணவர், அண்ணாவியார் என்னும் மூவரும் ஒருவரிடம் ஒருவர் கற்ற அச்சூழலே பேராதனைக் கூத்தின் உண்மையான சாதனையாகும். மேடையேற்றங்கள் அதன் விளைவுகளே.

அச்சூழலின் பயன் நாடகத்தோடு முடிந்துவிடவில்லை. ஆடியவர் ஆராய்ச்சியாளராயினர். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றி மௌனகுரு பின்னர் நிகழ்த்திய கலாநிதிப்பட்ட ஆய்வு, தாளக்கட்டையும் ஆட்டமுறையையும் ஆடி அறிந்தவரின் ஆய்வாக இருப்பதாலேயே தனிச் சிறப்புப் பெறுகின்றது. வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாட்டை நூலறிவினால் மட்டும் எழுதுபவர், உடையையும் கதையையும் பட்டியலிட்டு நிறுத்திவிடக்கூடும். காலிலே சதங்கை கட்டி ஆடியவருக்கே அவ்வேறுபாடு உடலின் அசைவிலே எவ்வாறு தொழிற்படுகின்றது என்பது தெரியும். 1969இல் மௌனகுரு ஆக்கிய சங்காரம், அரசர் கதையை விடுத்து உழைக்கும் மக்களின் போராட்டத்துக்குக் கூத்து வடிவத்தைப் பயன்படுத்திற்று. மரபு பற்றிய விமர்சன அறிவு புதிய ஆக்கத்துக்கு வித்தாகும் என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

எனினும் பேராதனைக் கூத்தைப் போற்றுவதோடு நின்றுவிடுதல் விமர்சனமாகாது. அம்முயற்சியில் நீக்கப்பட்டவை எவை என்பதும் கேட்கப்படவேண்டும். மட்டக்களப்பிற் கூத்து ஓர் இரவின் நிகழ்ச்சியன்று. அது ஓர் ஊரின் பல மாத வாழ்வு. சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனப் படிப்படியாக நிகழும் அதன் ஒவ்வொரு கட்டத்திலும் ஊரவர் பங்கு கொள்வர். வட்டக் களரியைச் சூழ்ந்து நாற்புறமும் இருந்து அவர்கள் பார்ப்பர், விடியும்வரை பார்ப்பர், பிழைவிட்ட ஆட்டக்காரனை மறுநாள் தெருவிலே நிறுத்திக் கேட்பர். இக்கலை பேராதனைக்கு வந்தபோது ஒருபுறம் திறந்த படச்சட்ட மேடைக்கேற்பத் திரும்பிற்று. இரவு முழுவதும் நிகழ்ந்தது ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிற்று. மின்னொளி வந்தது, நடிப்பு முதன்மை பெற்றது, மீண்டும் மீண்டும் வரும் தருக்களும் ஆட்டங்களும் குறைந்தன.

இம்மாற்றங்களைத் தவறென ஒரேயடியாக ஒதுக்குதல் பொருந்தாது. நகரத்துப் பார்வையாளர் கூத்தைப் பார்க்கத் தொடங்கியது இவற்றினாலேயே. இராவணேசனில் ஒரு பாத்திரத்தின் உள்மனப் போராட்டத்துக்குக் கிடைத்த இடம் பழைய கூத்துகளில் அரிது. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. 'மெருகூட்டல்', 'செம்மைப்படுத்தல்' ஆகிய சொற்கள் இம்முயற்சி பற்றிய எழுத்துகளிற் பலமுறை வருகின்றன. மெருகற்றது எது, செம்மையற்றது எது, அதனைத் தீர்மானிப்பவர் யார்? தருவொன்று மீண்டும் மீண்டும் வருவது நகரத்து மண்டபத்திலே சலிப்பாகலாம். களரியிலோ பிற்பாட்டுக்காரரோடு சேர்ந்து ஊரே அதனைப் பாடுவதற்கு அதுவே வாயில். மண்டபத்தின் தேவைகொண்டு களரியை அளந்தபோது, பல்கலைக்கழகம் தன்னை அறியாமலே ஒரு வர்க்கத்தின் சுவையைப் பொதுச் சுவையாக்கிற்று எனலாம். அன்றியும் கூத்துகளின் கதைகளில் உறைந்திருந்த சாதி, பால் பற்றிய கருத்துகள் பெரும்பாலும் கேள்விக்குட்படவில்லை. வடிவம் திருத்தப்பட்ட அளவுக்கு உள்ளடக்கம் விசாரிக்கப்படவில்லை.

பேராதனையின் இச்சாதனையும் குறைபாடும் பிற்காலத்து நிறுவனங்களில் எவ்வாறு தொடர்ந்தன என்பதே அடுத்து நோக்கற்பாலது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு தொடங்கப்பெற்றது. மருதனார்மடத்தில் 1960 முதல் இயங்கிவந்த இராமநாதன் இசைக் கழகம் 1975இல் அவ்வளாகத்தோடு இணைக்கப்பட்டு, இராமநாதன் நுண்கலைக் கழகமாயிற்று. 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராக வித்தியானந்தன் அமர்ந்தார். கிழக்கிலே 1982இல் விபுலாநந்தர் பெயரால் கல்லடியில் இசை நடனக் கல்லூரி ஒன்று தோன்றி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து அழகியற் கற்கைகள் நிறுவகமாயிற்று. இவ்வாறு, பட்டமில்லாத காலத்தில் ஆர்வத்தினால் நிகழ்ந்தவை பட்டங்களாகவும் பாடநெறிகளாகவும் உருப்பெற்றன.

இந்நிறுவனமயமாக்கத்தின் நன்மை பெரிது. யாழ்ப்பாணத்தில் 1931 முதல் இயங்கிவந்த வட இலங்கைச் சங்கீத சபை பரீட்சைகளை நடத்தி இசைக் கல்வியைப் பரப்பியது உண்மையே. ஆயினும் உயர்நிலைப் பயிற்சி வேண்டியவர் தமிழகம் செல்லவோ, தனிப்பட்ட ஆசிரியருக்குச் சம்பளம் செலுத்தவோ வேண்டியிருந்தது. பரத நாட்டிய அரங்கேற்றம் வசதி படைத்த குடும்பங்களின் விழாவாகவே பெரிதும் இருந்தது. பல்கலைக்கழகத்தின் வாயில் திறந்தபோது, வசதியற்ற வீட்டுப் பிள்ளையும் கட்டணமின்றி வீணையும் மிருதங்கமும் நடனமும் கற்கும் நிலை உண்டாயிற்று. சிறப்பாக, ஆடுதல் பாடுதலைத் தொழிலாகக் கொள்வது பெண்களுக்கு இழுக்கு என்றிருந்த சமூகத்தில், அதற்குப் பட்டத்தின் மதிப்புக் கிடைத்தமை சிறிய மாற்றமன்று. பட்டத்தை எள்ளி நகையாடுவோர் இதனை மறந்துவிடலாகாது.

ஆனால் அம்மதிப்பு எல்லாக் கலைகளுக்கும் ஒரே அளவிற் பகிரப்பட்டதா? மருதனார்மடத்தில் முதன்மை பெற்றவை கருநாடக இசையும் பரத நாட்டியமுமாகும். இவை உயர்ந்த கலைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மருதனார்மடத்துக்கு அயலூர் இணுவில். தவிலும் நாகசுரமும் பல தலைமுறைகளாக வளர்ந்த ஊர் அது. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் புகழ் கடல்கடந்தும் பரவியது. அத்தகைய மேதைமையை ஆக்கிய பயிற்சிமுறை எத்தகையது, கோயில் வீதியிலே இராப்பொழுது முழுவதும் நிகழும் வாசிப்பு எவ்வகையான இசையறிவை வேண்டுகின்றது, அக்கலைஞரின் சாதிநிலை அவர்தம் கலைமதிப்பை எவ்வாறு பாதித்தது ஆகிய வினாக்கள் ஒரு பல்கலைக்கழகத்துக்கே உரியவை. அவற்றை ஆராயாமல் நுண்கலை ஆராய்ச்சி முழுமையடையாது. 'நுண்கலை' என்னும் சொல்லே சிலவற்றை உள்ளே விட்டுச் சிலவற்றை வெளியே நிறுத்துகின்றது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில், மரத்திலும் உலோகத்திலும் துணியிலும் வேலைசெய்த கம்மாளரையும் நெசவாளரையும் ஓவியரோடு ஒருசேர வைத்தே ஆராய்ந்தார். நுண்கலை, கைவினை என்ற பிரிவினையை அவர் ஏற்கவில்லை. அவர் பெயரை மதிக்கும் ஈழத்துக் கல்வியுலகம் அவர் கருத்தை அவ்வளவாகப் பின்பற்றியதாகக் கூறமுடியாது.

இன்னொரு பிரிவினையும் உண்டு. கலைப்பீடத்தைச் சார்ந்த நுண்கலைத் துறையில் கலைவரலாறும் அழகியற் கொள்கைகளும் கற்பிக்கப்பட, பாட்டும் ஆட்டமும் வேறொரு கழகத்தில் வேறோர் இடத்திற் பயிற்றப்பட்டன. திருநெல்வேலிக்கும் மருதனார்மடத்துக்கும் இடைத்தூரம் சில மைல்களே. ஆயினும் அத்தூரம் அறிவுக்கும் செயலுக்கும் இடைப்பட்ட தூரத்தின் குறியீடாகவே அமைந்துவிட்டது. கழகம் பின்னர்த் தனிப் பீடமாக வளர்ச்சியடைந்தமை வரவேற்கத்தக்கது. ஆனால் பீடமாதலினால் மட்டும் இப்பிரிவு தானே நீங்கிவிடாது. சோழர்காலப் படிமக்கலையைப் பற்றி நன்கு எழுதக்கூடிய மாணவர் களிமண்ணைத் தொட்டிராதிருக்கலாம். வர்ணம் ஒன்றைச் சிறப்பாக ஆடக்கூடிய மாணவர், அதே ஆட்டம் சின்னமேளமென இகழப்பட்ட காலத்தில் அதனைக் காத்து நின்ற பெண்கள் யாவர் என்பதை அறியாதிருக்கலாம். முன்னவரின் அறிவு உடலற்றது. பின்னவரின் ஆற்றல் வரலாறற்றது. இவ்விருவரையும் ஒரே மாணவரிற் சந்திக்கச் செய்வதே பல்கலைக்கழகத்தினால் இயலக்கூடியதும் பிறவற்றினால் இயலாததுமாகிய பணி. குருகுலம் ஆற்றலைத் தரவல்லது. நூலகம் வரலாற்றைத் தரவல்லது. ஆற்றலும் வரலாறும் ஒன்றையொன்று வினாவும் இடம் வேறெங்கும் இல்லை.

பரீட்சை முறை இச்சந்திப்புக்குத் துணைசெய்வதிலும் பார்க்கத் தடையாயிருப்பதே கூடுதல் எனத் தோன்றுகின்றது. கூத்து இன்று க.பொ.த. உயர்தர நாடகமும் அரங்கியலும் பாடத்திலும் பல்கலைக்கழகப் பாடநெறிகளிலும் இடம் பெறுகின்றது. அதன் பண்புகளை எட்டாக வகுத்து எழுதும் விடைகள் ஆண்டுதோறும் எழுதப்படுகின்றன. ஒரு களரியையேனும் விடியும்வரை பாராத மாணவரும் அவ்விடையை எழுதி உயர்ந்த புள்ளி பெறமுடியும். பல மாதங்கள் ஊரோடு சேர்ந்து வளரவேண்டிய ஒன்றை அரையாண்டுக்குள் அடக்குவதினால் நேரும் இடர் இது. வித்தியானந்தனின் காலத்திலே கூத்துக்குப் பாடத்திட்டம் இருக்கவில்லை, அண்ணாவியார் இருந்தார். இன்று பாடத்திட்டம் இருக்கின்றது. அண்ணாவியார் பெரும்பாலும் விழாக்களிலே பொன்னாடை பெறுபவராக இருக்கின்றார்.

இந்நிலைக்கு மாற்றாக இரண்டு அநுபவங்கள் சுட்டிக்காட்டத்தக்கன. முதலாவது, 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலாசாரக் குழு மேடையேற்றிய மண் சுமந்த மேனியர். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய அந்நாடகம், போர் சூழ்ந்த நாட்களில் ஊர் ஊராகச் சென்று மக்கள் முன் ஆடப்பட்டது. பல்கலைக்கழகச் சுவர்களுக்குள்ளே கற்ற அரங்க மொழி, வெளியே சொல்லொணாத் துயரில் இருந்த மக்களின் அநுபவத்துக்கு உருவம் தந்தது. அந்நாடகத்தைத் தேர்வுப் பெறுபேறாக நோக்குபவர் எவருமிலர். ஆயினும் நுண்கலைக் கல்வியின் பெறுபேறு அதனினும் வேறெதுவாக இருத்தல் கூடும்?

இரண்டாவது, 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் நிகழ்ந்த கூத்து மீளுருவாக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் அவ்வூர்க் கலைஞரோடு இணைந்து மேற்கொண்ட இம்முயற்சி, பேராதனை மரபை நேரடியாகவே விமர்சித்து எழுந்தது. கூத்தை மண்டபத்துக்குக் கொண்டுவருவதை விடுத்து, பல்கலைக்கழகத்தவர் களரிக்குச் சென்றனர். எதனை மாற்றுவது, எதனை வைத்திருப்பது என்பது ஊரவரோடு கலந்துரையாடித் தீர்மானிக்கப்பட்டது. கதைகளில் பெண்கள் பற்றியும் சாதி பற்றியும் வரும் கருத்துகள் விசாரணைக்குள்ளாயின. பேராதனை கேளாது விட்ட வினாவைச் சீலாமுனை கேட்டது எனலாம்.

இவ்விரு போக்குகளுக்கும் இடையே எழுந்த விவாதம் ஈழத்து அரங்க விமர்சனத்தில் முக்கியமானதொன்று. கூத்து உலகத்து ஏனைய செவ்வியல் அரங்குகளோடு ஒப்ப நிற்கவேண்டுமாயின் அதன் ஆட்டமும் அளிக்கையும் உயர்நிலைக்குச் செல்லவேண்டும் என்பது மௌனகுருவின் பக்கம். அவர் கிழக்குப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு இராவணேசனை மீண்டும் மேடையேற்றியது இந்நோக்கிலேயே. கூத்து அதனைத் தம் வாழ்வாகக் கொண்ட சமூகத்திலிருந்து பிரிக்கப்பட்டால் அது வெறும் வடிவமாகிவிடும் என்பது மறுபக்கம். இவற்றுள் ஒன்றைத் தெரிந்து மற்றதை ஒதுக்குதல் எளிது. ஆனால் களரியிலேயே நின்றுவிடும் முயற்சி அவ்வூரின் எல்லையைத் தாண்டாது போகலாம். மண்டபத்திலேயே உயரும் முயற்சி வேரற்றுப் போகலாம். இவ்விவாதம் பல்கலைக்கழகம் ஒன்றின் உள்ளேயிருந்து எழுந்தது என்பதே இங்கு கருதத்தக்கது. கலையைச் செய்துகொண்டே அதனை விமர்சிக்கும் இவ்வகைச் சச்சரவு நிகழும்வரை, அங்கே நுண்கலைக் கல்வி உயிரோடிருக்கின்றது என்று கொள்ளலாம்.

இங்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். பட்டமோ சான்றிதழோ அற்ற அண்ணாவியாரும் தவிற்கலைஞரும் பல்கலைக்கழகத்தில் எவ்வாறு ஆசிரியராதல் கூடும், கல்வித்தரம் என்னாவது என்பது முதலாவது. மருத்துவ மாணவர் நோயாளியின் கட்டிலருகே நின்று கற்பதையும், விவசாய மாணவர் வயலில் இறங்கிக் கற்பதையும் எவரும் தரக்குறைவெனக் கூறுவதில்லை. அறிவு எங்கே உறைகின்றதோ அங்கே சென்று கற்பதே தரம். கூத்தின் அறிவு அண்ணாவியாரின் நினைவிலும் கையிலும் உறைகின்றது. அவரைத் தகவல் தருபவராக மட்டும் ஒலிப்பதிவுக் கருவியின் முன் இருத்திவிட்டு, அவர் தந்ததை எழுதியவருக்கு மாத்திரம் பட்டம் வழங்குவது நீதியுமன்று, தரமுமன்று. அவரை வருகைதரு ஆசிரியராக நியமித்து உரிய வேதனம் வழங்குவதும், மாணவரின் ஆட்டத்தை மதிப்பிடும் குழுவில் அவருக்கு இடமளிப்பதும் செயற்படுத்த முடியாத காரியங்களல்ல.

நுண்கலைப் பட்டதாரிகளுக்கு வேலை தேவை, இத்தகைய கல்வி அதற்கு உதவுமா என்பது இரண்டாவது மறுப்பு. இது புறக்கணிக்கத்தக்கதன்று. நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும் பட்டதாரிகளின் துயர் யாவரும் அறிந்ததே. ஆனால் அவர்களுட் பெரும்பாலோர் இறுதியில் ஆசிரியராகவே செல்கின்றனர் என்பதே இவ்வாதத்துக்கு விடையாகின்றது. கிராமத்துப் பாடசாலையொன்றுக்குச் செல்லும் இசையாசிரியர், அங்கே கும்மியும் கரகமும் கூத்தும் வசந்தனும் இருப்பதைக் காணாமல், தான் கற்ற கீர்த்தனைகளை மட்டும் விழாவுக்குப் பழக்கிவிட்டு வருவாராயின், அப்பாடசாலைப் பிள்ளைகள் தம் ஊரின் கலை பாடமாகத் தகுதியற்றது என்னும் எண்ணத்தையே கற்றுக்கொள்வர். 1960களில் பேராதனைக்கு வந்த மட்டக்களப்பு மாணவர் எந்தக் கூச்சத்திலிருந்து விடுபட்டனரோ, அதே கூச்சம் மறு தலைமுறைக்குப் பட்டதாரி ஆசிரியர் வாயிலாகவே கற்பிக்கப்படும். ஆகவே தன் சூழலின் கலையை இனங்காணவும் மதிக்கவும் வினாவவும் பயின்ற ஆசிரியரை ஆக்குதல் தொழிற்கல்வியின் நோக்கிற்கும் மாறானதன்று.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பல்கலைக்கழகத்தில் நுண்கலைக் கல்வியின் பங்கு மூன்று கடமைகளாக விரிகின்றது எனலாம். கலையைச் செய்வோரே அதனைப் பற்றிச் சிந்திப்போராகவும் இருக்கும்படி பயிற்றுதல் ஒன்று. எது கலை, எது நாட்டார் வழக்கு, எது கைவினை என்னும் பழைய எல்லைகளை அவ்வாறே ஏற்றுக்கொள்ளாது விசாரித்தல் மற்றொன்று. அறிவை எங்கிருந்து பெற்றதோ அங்கே திருப்பிக் கொடுத்தல் மூன்றாவது. இவற்றுள் முதலாவதனை யாழ் நூலும் பேராதனைக் கூத்தும் தொடக்கி வைத்தன. இரண்டாவதும் மூன்றாவதும் இன்னும் பெரும்பாலும் எஞ்சியே நிற்கின்றன.

1981இல் மட்டக்களப்பில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அது அமைந்துள்ள ஊர் வந்தாறுமூலை. பேராதனை மாணவருக்கு ஆட்டம் பழக்க மலைநாட்டுக்குச் சென்ற அண்ணாவியாரின் ஊரும் அதுவே. ஒரு காலத்தில் ஊரின் கலை பல்கலைக்கழகத்தைத் தேடிச் செல்லவேண்டியிருந்தது. பின்னர் பல்கலைக்கழகமே அவ்வூருக்கு வந்து சேர்ந்தது. ஆனால் ஒரே ஊரில் இருப்பதனால் மட்டும் களரியும் விரிவுரை மண்டபமும் அயலாகிவிடுவதில்லை. இரவு களரியிலே மத்தளம் அடித்தவர் மறுநாட் காலை விரிவுரை மண்டபத்துக்கு ஆசிரியராக வரவும், அவரிடம் கற்ற மாணவர் அன்றிரவு களரியிலே தம் பிழையை ஊரவர் வாயாற் கேட்கவும் கூடிய நாளிலேயே அவை அயலாகும். அந்நாளை நோக்கிப் பாடத்திட்டங்களைத் திருத்தியமைப்பது இன்று நுண்கலைத் துறைகளிற் கற்போரும் கற்பிப்போரும் ஏற்கவேண்டிய பொறுப்பாகும்.